நீ நிறுத்தாத மாத்திரை

என் அன்புக்குரியவளே,

நீ தையல்கடைக்குப் போயிருக்கிறாய். நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

மார்பில் ஆபரேஷன் முடிந்து, கட்டி திரும்ப வராமலிருக்க, மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஐந்து வருஷம் தரும் அந்த ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் மாதம், அது தந்த மூட்டுவலியில் விரல் மடங்காமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய். நான்தான் பொறுக்காமல் கத்தினேன்: "கட்டிதான் போயிடுச்சே, மாத்திரையை நிறுத்தித் தொலையேன்!" போதாக்குறைக்கு, உன் உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று யாரோ சொன்ன மூலிகைப் பொடியையும் வாங்கி வந்தேன்.

நீ சண்டை போடவில்லை. மாத்திரையையும் நிறுத்தவில்லை. மறுநாள் பொடி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக டாக்டரிடம் போனாய். "வலி தாங்கல டாக்டர். ஆனா அஞ்சு வருஷமும் சாப்பிட்டே ஆகணும். ஒரு வழி சொல்லுங்க" என்றாயாம். அவர் அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரையை மாற்றித் தந்தார். பொடி மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடலாம், தொடவே கூடாதென்றார்.

நேற்று நீ மளமளவென்று நான்கு சட்டைக்குத் துணி வெட்டியதைக் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலியோடு தனியாகப் போய் வழி கேட்ட அந்தத் தைரியம் எனக்கு ஏது?

வெள்ளிக்கிழமை, இந்த மாத்திரையால் எலும்பு தேய்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு நானும் வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது. டாக்டர் முன்னால் வாயே திறக்கமாட்டேன். நீ பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

உன்னிடம் தோற்றதில் சந்தோஷப்படும்
உன் வீட்டுக்காரன்