பனிமலையில் உன் அக்கா

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

உன் மாமா எழுதுகிறேன். என் கையாலேயேதான். அடி அண்ணாமலை பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. நீ இருந்திருந்தால், "மாமா, ரேகை வெக்கற கட்டைவிரலுக்கு லீவு வுட்டியா?"னு கேட்டிருப்பாய். விட்டுவிட்டேன். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

சேதி கேள். நானும் உன் அக்கா காசியம்மாளும் சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்தோம். நம் செல்விக்கு இப்போது அங்கேதான் வேலை. அப்பா அம்மாவுக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்று பெண் லீவு போட்டிருந்தாள். எங்கே திரும்பினாலும் மலை, மலைக்குக் கீழே ஏரி. ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் சொம்பு பெரிசுக்கு ஒரு மணி. நான் ஒரு மாட்டுக்கு விலை விசாரிக்கப் போனேன். செல்விதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் பெரிய பனிமலைக்குப் போனோம். உச்சி வரைக்கும் ரயில் போகிறது. மலையைப் பார்த்ததும் உன் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரயில் அதன் மேலேயே ஏறுகிறது என்று தெரிந்ததும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"மலைமேல கால் வெக்கறதா? நான் வரலை. வேணும்னா சுத்தி வரேன். எவ்ளோ நேரம் ஆவும்னு கேளு."

செல்வி சிரித்துவிட்டாள். "சுத்தி வரதுக்குள்ள உன் விசா முடிஞ்சிடும்மா. இது நம்ம மலையா?"

"எந்த ஊரு மலையா இருந்தா இன்னா? நம்ம வீட்ல மிதிச்சவன் ஒருத்தன் போனது போதாதா?"

செல்வியின் சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்கு இது தெரியாது மச்சான். தீபத்துக்கு நெய்க்குடம் தூக்கிக்கொண்டு வருஷா வருஷம் அண்ணாமலை உச்சிக்குப் போனாய். தை மாதம் நெஞ்சுவலியில் நீ போய்விட்டதும், மலையே சாமி, அதை மிதித்தாய், மலை உன்னை எடுத்துக்கொண்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும் காதில் ஏறவில்லை. உன்மேல் அத்தனை கோபம். மூன்று வருஷமாக வீட்டில் உன் பேரை எடுக்க முடியாது. நீ மேலே பார்த்ததை எல்லாம் எனக்கு எத்தனை ஆசையாகச் சொல்வாய். அவளிடம் அதில் ஒரு வார்த்தை உன்னால் பேச முடிந்ததா?

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவளை விட்டுவிட்டு ஏறுவதா? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்தா காசி. தீபம் முடிஞ்சதும் நம்ம மலைக்குப் பிராயச்சித்த பூஜை பண்றாங்களே, இன்னாத்துக்கு? ஜனங்க மிதிச்சிட்டாங்கன்னுதானே? எல்லாருக்கும் அதோட தீருது. உன் தம்பிக்கு மட்டும் தீராதா?"

மலையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "பூஜை பண்ண இங்க ஐயருக்கு எங்க போறது?" என்றாள்.

"நீயே மலைகிட்ட மன்னிப்பு கேட்டுக்கோ. அதுக்கு ஐயரு எதுக்கு?"

எழுந்தாள். நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டாள். மயக்கம் போட்டுவிட்டாள் என்று டிக்கெட் பார்க்கிற அம்மா ஓடி வந்தாள். "பிரேயர், பிரேயர்" என்று செல்வி சொல்ல, அந்த அம்மா ரயில் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள்.

மேலே போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது. நான் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு செல்வியிடம் திட்டு வாங்கினேன். உன் அக்கா ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கருந்து நம்ம ஊரும் இப்டித்தான் தெரியுமா?"

"எங்கருந்து?"

"ஏழுமலை போவானே, அங்கருந்து."

நானும் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "கோபுரம்லாம் வெரல் நீளம்தான் இருக்கும்னு சொல்வான்" என்றேன்.

"என்கிட்டயும் சொல்ல வருவான். நான்தான் வாய அடைச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளிருக்கு என்று செல்வியிடம் சொன்னாள்.

நீ இருக்கிற இடத்தில் மலை உண்டா மச்சான்?

வருகிற கார்த்திகைக்கு நெய் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். என்னை மேலே ஏற விடுவார்களோ, என் முழங்கால் விடுமோ, தெரியாது. ஆனால் உச்சியில் தீபம் தெரியும்போது நான் உன் அக்கா பக்கத்தில் நிற்பேன். அங்கே நின்று நீ என்னவெல்லாம் பார்த்தாயோ, அத்தனையும் அவளுக்குச் சொல்வேன். இனி அவள் கேட்பாள்.

உன் அக்காவைக் கட்டிய உன் மாமா,
கோவிந்தன்