நாற்பத்தொரு கையெழுத்து

12 மார்ச் 1996, செவ்வாய்

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் எங்கள் தெருத் திடலான பாடாங்கில் புல் வெட்டும் ரெங்கசாமி வந்து, "அம்மா, உங்க வீட்டுக்குப் பின்னாடி யாரோ வந்து ஆப்பு அடிச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார். போய்ப் பார்த்தேன். பாடாங் ஓரத்தில் நாலு ஆப்பு, தலையில் சிவப்புச் சாயம். என் அடுப்படிக் கதவிலிருந்து நடந்து அளந்தேன், இருபத்திரண்டே எட்டு.

பக்கத்து வீட்டு ஹபீபா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன ஆன்டி அது?" என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. வெயிலில் நிற்காதே, உள்ளே போ என்று விரட்டினேன்.

14 மார்ச், வியாழன்

பஸ் பிடித்து நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்கக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவள், இன்று வெளியே நின்றேன். கைத்தொலைபேசிக்கான கோபுரமாம், நூற்றைம்பது அடி. "குடியிருப்பாளர்கள் சம்மதித்துவிட்டார்களே, புவான்" என்று கவுண்டர் பெண் மலாயில் சொல்லி ஃபைலைத் திருப்பிக் காட்டினாள்.

என் பட்டியல். நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். நாற்பத்தொரு கையெழுத்து, ஐ.சி. அடையாள அட்டை நம்பரோடு. மேலே மட்டும் வேறு டைப்ரைட்டர் எழுத்தில் மலாய்த் தலைப்பு: கோபுரத்துக்குச் சம்மதிப்போர்.

ஆட்சேபணை இருந்தால் ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணைக்கு வரலாமாம். திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

15 மார்ச்

ஜனவரியில் அந்தக் கைத்தொலைபேசிக் கம்பெனிக்காரன் விஜயன், எங்கள் தெரு மண்டபத்தில் எல்லோருக்கும் பிரியாணி போட்டான். கைத்தொலைபேசி வந்தால் எவ்வளவு வசதி என்று பேசினான். "வந்தவங்க லிஸ்ட் ஒண்ணு போதும் ஆன்டி, சும்மா ஃபார்மாலிட்டிதான் லா." ஐ.சி. நம்பரை அவன் கேட்டானா? இல்லையே! அந்தக் கட்டத்தைப் போட்டது நான். தலைப்புக்கு இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டதும் நான்தான். எங்கள் ஆபீசில் அப்படித்தான். கிளார்க் கட்டம் போடுவார், தலைப்பை அதிகாரி முடிவு செய்வார். அந்தப் பயல் எனக்கு அதிகாரியா? விசரி, புத்தி கெட்ட விசரி.

ஹபீபா ஒருத்திதான் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இது என்ன பேப்பர் ஆன்டி?"

நான் என்ன சொன்னேன்? "நான்தானே போட்டிருக்கேன், பேசாம கையெழுத்துப் போடு."

17 மார்ச், ஞாயிறு

ஹபீபாவிடம் சொல்லிவிட்டேன். கொடியில் இருந்த ஈரத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அவள் புருஷன் ஜபருல்லா வந்தான். "பந்திங்குல அவ அம்மா வீட்டுக்கு அனுப்புறேன் ஆன்டி. கோபுரம் வந்துச்சுன்னா வீட்டை வித்துடுவோம். பயத்துலயே இருக்கா." என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலை.

கோபுரத்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வருமா வராதா, எனக்குத் தெரியாது. அவள் போய்விடுவாள் என்பது தெரியும். அவள் குரல் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்?

19 மார்ச்

வேலிப் பக்கம் யாரும் வரவில்லை.

22 மார்ச்

அலமாரியைக் குடைந்தேன். இருக்கிறது! எதற்கும் ஒரு கார்பன் பிரதி வைக்கும் பழக்கம் அன்றும் போகவில்லை. நாற்பத்தொரு கையெழுத்தும் நீலத்தில் அப்படியே, மேலே இரண்டு அங்குலம் வெறுமை. தலைப்பைப் பிறகு ஏற்றினார்கள் என்பதற்கு இது போதும்.

ஆனால் இதைக் காட்டினால், தலைப்பில்லாத தாளில் தெருவையே கையெழுத்துப் போட வைத்தவள் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் எத்தனை புதுக் கிளார்க் பிள்ளைகளை ஆபீசில் அழவைத்திருக்கிறேன்!

பெயர் போடாமல் தபாலில் அனுப்பினால் என்ன? மொட்டைக் கடிதமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயா, குணபூசணி?

2 ஏப்ரல், செவ்வாய்

விசாரணை அறையில் எனக்குப் பின்னால் தெரு ஜனம் முப்பது பேர். "யார் இந்தப் பட்டியலைத் தயாரித்தது?" என்று தலைவர் மலாயில் கேட்டார். எழுந்தேன். "நான்தான். தலைப்பில்லாமல் கையெழுத்து வாங்கியதும் நான்தான். இந்தத் தலைப்பு மட்டும் என்னுடையது இல்லை." கார்பன் பிரதியை நீட்டினேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விஜயன் தன் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஒரு பிரியாணிக்கு நம்மள வித்துட்டாங்க லா."

முடிவைக் கடிதத்தில் சொல்வார்களாம். காரில் வந்தவர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

30 ஏப்ரல்

எங்கள் பாடாங்கில் கோபுரம் இல்லை! கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன், அழுதேன். ஜபருல்லாவிடம் கொடுத்தேன். பந்திங்குக்குப் போன் பண்ணுகிறேன் என்றான். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஹபீபா நேற்று வந்துவிட்டாள். பெண் குழந்தை. சுவர் தாண்டி அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று ரெங்கசாமி வாசலில் வந்து நின்றார். அவர் இருப்பது ரயில் பாதையோர லயத்து வரிசை வீட்டில். "ஆப்பை அங்க கொண்டாந்து அடிச்சிட்டாங்கம்மா. எங்க சுவருக்குப் பன்னெண்டு எட்டு. எங்ககிட்ட யாரும் கையெழுத்துகூடக் கேக்கல."

ஏப்ரலில் அத்தனை சந்தோஷப்பட்டேனே, கோபுரம் பிறகு எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

அவரை உட்கார வைத்துவிட்டு டைப்ரைட்டரை எடுத்தேன். முதலில் தலைப்பு: ரயில் பாதையோரக் கோபுரத்தை ஆட்சேபிப்போர். அதை உரக்க வாசித்துக் காட்டினேன். அதன் பிறகே கோடு போட்டேன். கார்பனும் வைத்தேன். ரெங்கசாமி மெதுவாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம். தோளில் குழந்தையோடு ஹபீபா. மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் என் வாசல்படி ஏறுகிறாள்.

"டைப்ரைட்டர் சத்தம் கேட்டுச்சு" என்றாள். ரெங்கசாமி விஷயத்தைச் சொன்னார். "நானும் போடலாமா ஆன்டி?"

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். "வாசிச்சுட்டுப் போடு."

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தலைப்புக்குக் கீழே விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு, நான் சொல்லாமலே ஐ.சி. நம்பரையும் எழுதினாள்.