அப்பாவுக்குப் பார்த்த கம்ப்யூட்டர்

டாக்குரியா, கல்கத்தா
வியாழக்கிழமை காலை

அன்புள்ள சுபிக்ஷாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை உதயும் செல்லக்குட்டி அக்‌ஷயாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கம்ப்யூட்டர் வாங்கியாச்சா வாங்கியாச்சா என்று கேட்கிறாய், அப்பாவும் ஸ்டாக் வரலைம்மா, வந்ததும் சொல்றேன்னு கடைக்காரங்க சொல்லியிருக்காங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அது பொய் சுபி. கடையில் அடுக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுபிக்குச் சொல்லக் கூடாது, கைக்குழந்தைக்காரி, அங்கே உட்கார்ந்துகொண்டு அழுவாள் என்று அப்பா என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்கை மீறித்தான் இதை எழுதுகிறேன். போன் எப்போதும் அவர் சட்டைப் பையில், நீ பேசினால் ஸ்பீக்கரில், மெசேஜ் வந்தால் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன், அப்புறம் எந்த வழியில் நான் உன்னிடம் தனியாகப் பேசுவது? கூட நடக்கிற நிர்மால்ய பாபு வந்து அவரை லேக்குக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலாபீஸுக்குப் போய் ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்துவிட வேண்டும்.

போன குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது, நமக்குத்தான் புரியவில்லை. லேக்கில் நடக்க வருகிறவர்கள் சேர்ந்து பொய்லா பொய்ஷாக் புதுவருஷத்துக்கு ஒரு காலண்டர் போடுகிறார்கள், அதற்கு அப்பா எடுத்த பறவைப் படங்கள்தான் என்று நிர்மால்ய பாபு முடிவு செய்தது உனக்குத் தெரியும். பெருமையாக உனக்கு அனுப்பினாரே. லேக் பக்கத்துப் பிள்ளைகள் அவரைப் பாக்கி தாது என்று கூப்பிடுவார்கள், வங்காளத்தில் பறவைத் தாத்தா என்று அர்த்தம், நம் காதில் கடன் பாக்கி வைத்தவர் மாதிரி விழுகிறதே என்று நான் கேலி செய்வேன். அந்தக் காலண்டர் அச்சாகி வந்தபோது நிர்மால்ய பாபு கொஞ்சம் தயங்கித் தயங்கி, அண்ணா, எல்லாம் சுந்தரமாக இருக்கிறது, மீன்கொத்தி மட்டும் பெயின்ட் அடித்த மாதிரி நீலமாக இருக்கிறதே, இறகெல்லாம் சொரசொரவென்று தெரிகிறதே என்றார். அன்றிலிருந்து அப்பா பழைய கம்ப்யூட்டரைத் திட்ட ஆரம்பித்தார். மானிட்டர் செத்துப் போச்சு, ஒண்ணும் தெளிவா காட்டமாட்டேங்குது, சாஃப்ட்வேர் புதுசு, மிஷின் பழசு, தாங்கலை என்று ஒரே புலம்பல். மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து ஒரே படத்தை நாள்பூரா இழைத்துக்கொண்டிருப்பார். அதைக் கேட்டுத்தான் நீ இத்தனை ஜிபி ராம் வேண்டும், இந்தக் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், நிறம் சரியாகக் காட்டுகிற மானிட்டர் வேண்டும் என்று வக்கணையாக எழுதி அனுப்பினாய். உன் மேல் தப்பில்லை கண்ணு, அவர் சொன்னதை நீ நம்பினாய், நானும்தான் நம்பினேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள் சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனோம். மாடிப்படி ஏறி ஒரு கடை, அங்கே ஷபானா என்று உன் வயசில் ஒரு பெண், நல்ல பொறுமை. அப்பா பென் டிரைவில் ஒரு படம் கொண்டுபோயிருந்தார், லேக் ஓரத்து இரும்புக் கம்பி வேலி, அதன் மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண் ஒரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து காட்டினாள். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, இந்த மானிட்டர் டிஃபெக்ட்மா, கம்பியெல்லாம் நடுவுல வளைஞ்சிருக்கே என்று இந்தியில் சொன்னார். அவள் மறுபேச்சு பேசாமல் வேறு மானிட்டரை மாட்டினாள். இதுலயும் வளையுது என்றார். அதைவிடப் பெரியது, விலை கூடியது ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து மாட்டினாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, என்ன கடை வச்சிருக்கீங்க, ஒரு நேர்க்கோட்டை நேராக் காட்டற மானிட்டர் உங்ககிட்ட கிடையாதா என்று சத்தம் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். கம்பிகள் அத்தனையும் நெட்டுக்குத்தாக நேராக நின்றன சுபி. ஷபானா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு நான் அவர் பக்கத்தில் போய், கோபப்படாதீங்க, இப்பப் பாருங்க என்று என் கையால் அவருடைய வலது கண்ணை மூடினேன். வளைஞ்சுதான் இருக்கு என்றார். கையை மாற்றி இடது கண்ணை மூடினேன். அப்புறம் ரொம்ப மெதுவாக, சுந்தரி, நடுவுல ஒண்ணுமே இல்லையே, பறவை எங்கே போச்சு என்று கேட்டார். கடையில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு இரைச்சல், எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்டது. அந்தப் பெண் மானிட்டரை அணைத்துவிட்டு, ஆன்ட்டி, மிஷின் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிப் படியிறங்கி வந்து டாக்ஸி பிடித்துக் கொடுத்தாள்.

டாக்ஸியில் வரும்போது கேட்டேன், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது, கம்ப்யூட்டரா இருந்தா மாத்திடலாமேன்னு இருந்தேன் என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி, படம் போட்டுக் காட்டி விளக்கினார். கண்ணுக்குள்ளே பார்வை கூர்மையாக இருக்கிற நடு இடத்தில் வேண்டாத ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறதாம். வலது கண்ணில் அது தழும்பாகிவிட்டது, அந்தப் பார்வை இனி திரும்பாது. இடது கண்ணில் இப்போதுதான் பிடித்திருக்கிறது, மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டால் இருக்கிறதைப் பிடித்துவைக்கப் பார்க்கலாம், எத்தனை காலத்துக்கு என்று உறுதி சொல்ல முடியாது என்றார். முழு இருட்டு வராது, ஓரத்துப் பார்வை நிற்கும், நடமாடலாம், ஆனால் எழுத்து, மனிதர் முகம் இதெல்லாம் கஷ்டமாகிக்கொண்டே போகலாம் என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் ஆபீஸ் மீட்டிங்கில் கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ரொம்ப நன்றி டாக்டர் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலடியிலேயேதான் கிடந்தது. நான் எடுத்துப் போட்டுவிட்டேன். அப்போதுதான் அழுதார். உனக்குத் தெரியுமே, உன் தாத்தா போனபோதுகூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. முதல் ஊசி போட்டாகிவிட்டது, இரண்டாவதும் ஆயிற்று. வலிக்கவில்லை என்கிறார், ஆனால் போவதற்கு முந்தின நாள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை, சொல்லாமலும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பாவைக் காட்டுகிறாயே, தாத்தா பாருங்க, சிரிக்கிறா பாருங்க என்கிறாயே, நீ கவனித்திருக்க மாட்டாய், நான் சிரித்த பிறகுதான் அவர் சிரிக்கிறார். அந்தச் சின்னத் திரையில் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. போனை வைத்த பிறகு, குழந்தைக்கு மூக்கு யார் மாதிரி, உதய் மாதிரியா நம்ம சுபி மாதிரியா என்று என்னைக் கேட்கிறார். ஒவ்வொரு வாரமும் ஒன்று கேட்கிறார். போன வாரம் கன்னத்தில் குழி விழுதா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, அப்படியா என்று உட்கார்ந்திருப்பார்.

கம்ப்யூட்டர் வேண்டாம், யார் பார்க்க, சுபி கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார். கேமராவையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். வீடே அடங்கிப் போயிற்று. சாப்பிடுவார், ரேடியோ கேட்பார், அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே தனியாக மெட்ரோ பிடித்துச் சாந்தினிக்குப் போய் ஷபானாவிடம் சொன்னேன், அம்மா, கண் சரியில்லாத ஒருத்தர், ஒன்றும் தெரியாத ஒருத்தி, இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ வேலை பார்க்க ஒரு மிஷின் கொடு என்று. நீ கேட்ட பெரிய கிராபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாம் என்று அவளே குறைத்துவிட்டாள், ராம் நீ சொன்னபடி இருக்கட்டும் என்றாள், மானிட்டரை மட்டும் இருப்பதிலேயே பெரிதாக, முன்னால் இழுத்துச் சாய்த்துக்கொள்கிற மாதிரி தாங்கியோடு கொடுத்தாள். மேஜையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. அப்பா முதலில் கோபித்தார். மறுநாள் நான் மௌஸை வைத்துக்கொண்டு தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தாங்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது தினமும் சண்டைதான். நிழலைக் கொஞ்சம் தூக்கு என்பார், எனக்கு நிழல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நீலம் எப்படி இருக்கு என்பார், நீலமாகத்தான் இருக்கு என்பேன், அட, மினி பஸ் நீலமா, கேஸ் அடுப்பு எரியற நீலமா என்று எரிந்து விழுவார். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது சுபி, வீட்டில் சத்தம் கேட்கிறதே.

முந்தாநாள் அவராகவே கேமராவை எடுத்துக்கொண்டு லேக்குக்குப் போனார். கேமராவில் வலது கண்ணை வைத்துப் பார்த்தே அவருக்குப் பழக்கம், கையும் அப்படித்தான் போகும். வந்ததும் பிள்ளை மாதிரி, போடு போடு, குக்குறுவான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தது, நிறைய எடுத்திருக்கேன் என்றார். கம்ப்யூட்டரில் போட்டேன். ஒவ்வொரு படத்திலும் கிளை இருந்தது, இலை இருந்தது, மழைத்தண்ணீர் சொட்டு நின்றது, பறவை இல்லை. எல்லாப் படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எப்படி வந்திருக்கு என்று கேட்டார். நல்லா வந்திருக்கு என்றேன். எந்தப் பக்கம் பாக்குது என்று கேட்டார். நான் கொஞ்சம் தாமதித்துவிட்டேன் போலிருக்கிறது, இடது பக்கம் என்றேன். அவர் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, அழிச்சுடாதே, வச்சுக்கோ என்று சொல்லி எழுந்து போனார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, நான் சொன்னதை நம்பினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்கு ஒரு வயசு முடியட்டும், அடுத்த வருஷம் லீவில் வருகிறோம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அடுத்த வருஷம் வேண்டாம் சுபி. துர்கா பூஜைக்கு வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா. உன் முகம் அவருக்கு மனப்பாடம், கண் வேண்டாம். குழந்தை முகத்தை அவர் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இடது கண்ணில் வெளிச்சம் நிற்கிறபோதே பார்த்துவிடட்டும். சீக்கிரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வந்துவிட்டது, படமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அவர் உன்னிடம் சொல்லுவார், சொல்லப்போகிறேன் என்று நேற்றே சொன்னார். நீ சந்தோஷமாகக் கேட்டுக்கொள், குரல் உடையக் கூடாது, அதற்குமேல் ஒன்றும் விசாரிக்காதே. இந்தக் கடிதம் வந்து சேர்ந்து பத்துப் பதினைந்து நாள் போன பிறகு, டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று நீயாகவே சொல்லு.

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல், அவரிடம் மறைக்காதே. இந்தக் கண் வியாதி குடும்பத்தில் வரக்கூடும் என்று டாக்டரம்மா சொன்னார், நீயும் அங்கே ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு, அசட்டை செய்யாதே. பாப்பாவுக்கு ஏலக்காய் போட்டு சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறேன், வந்துவிட்டுப் போகும்போது கொண்டுபோகலாம். பகவான் உங்கள் மூன்று பேரையும் கண்ணை இமை காப்பது போலக் காக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. ஏர்போர்ட்டில் தூரத்திலிருந்து கையை ஆட்டாதே, அவருக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி அவரும் ஆட்டுவார், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. நேராகக் கிட்டே வந்துவிடு. இடது பக்கமாக வந்து நின்று, அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, குழந்தையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடி. அவர் போதும் என்று சொல்கிற வரைக்கும் எடுக்காதே.

அன்புடன் ஆசீர்வதிக்கும்
உன் அம்மா
சுந்தரி வேதாச்சலம்