அரசுடைமைக்கு நான் எழுதிய வாக்கியம்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் இங்கே எழுதப்போகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தமிழ் வகுப்பில் ‘அரசுடைமை’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி, வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார் மிஸ். அகராதியைப் பார்த்து, ‘அரசுக்கு உரிய சொத்து’ என்று எழுதினேன். வாக்கியத்துக்கு எல்லோரும் ரயிலையும் பேருந்தையும் எழுதினார்கள். நான் வித்தியாசமாக எழுத ஆசைப்பட்டேன்: “எங்கள் வீட்டின் பின்னறை நிற்கும் ஏரிக்கரை நிலம் அரசுடைமை.”

“பாருங்க, சொந்தமா யோசிச்சிருக்கா!” என்று மிஸ் அந்தத் தாளை என் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடைவேளையில் நிவேதா வந்தாள். அவள் அம்மா சர்வேயர்.

“ஏய், உங்க வீட்ட நீயே போட்டுக் குடுத்துட்டியே! இந்த வாரம் எங்கம்மாதான் உங்க ஏரிய அளக்கறாங்க. நாளைக்கு பேரன்ட்ஸ் மீட்டிங்ல வந்து படிப்பாங்க பாரு” என்று சிரித்தாள்.

சேலையூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு ஓடினேன்.

பின்னறை நிற்கும் இடம் நிஜமாகவே அரசு நிலமா என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். “புறம்போக்குதான், அதுக்கென்ன? யாராவது போய் சொன்னாத்தானே? நீ படிக்கத்தான்டி அந்த ரூமே கட்டினேன்” என்றார்.

அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் முதல் ஆளாகப் போய்த் தாளைக் கிழித்துவிடலாம். ஆனால் நிவேதாவின் வாயை என்ன செய்வது? எழுதியது பொய்யும் இல்லையே.

“இன்னும் தூங்கலையாடி?” என்று அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.