ஏழாவது லேப்டாப்

என் வாயாடிக்கு,

உன் ஆபீஸ் வேலைக்குப் புது லேப்டாப் பார்க்கப் போனேன். பழையது கை தவறி விழுந்துவிட்டதாகக் கடையில் சொல்லிவைத்தேன்.

"இது விழுந்தாலும் தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். "சுவரில் எறிந்தால்?" என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கீபோர்டு உன் விரலுக்கு நோகக் கூடாதே என்று ஏழு லேப்டாப்பிலும் ஏதோ தட்டிப் பார்த்தேன். பின்னாலேயே அழித்துக்கொண்டு வந்த கடைக்காரர், ஏழாவதில் நின்றுவிட்டார்.

"எல்லாத்துலயும் இதையேதான் அடிச்சிருக்கீங்க. மன்னிப்பை வீட்டுல கேக்கணும் சார், கடையில கேட்டா எப்படி?"

அந்த ஏழாவதையே, வரியை அழிக்காமல், உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். தட்டுவதற்குச் சுகமாக இருக்கிறது. என்னைத் திட்டி எழுதுவதாக இருந்தாலும் அதிலேயே எழுது.

பழையதை எறிந்தே உடைத்த
உன் வீட்டுக்காரன்