347-இல் தொங்கும் பலகை

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று ரயில் எஞ்சின் ஷெட் ஸ்டோரிலிருந்து ஆயில் ஃபில்டர் இருபத்திரண்டு போயிற்று. கையெல்லாம் டீசல் வாடை. சோறு பிசையும்போதும் அதே வாடைதான். பழகிவிட்டது. வேறொன்றும் இல்லை.

5 பிப்ரவரி

எங்கள் சூப்பர்வைசர் வேலுமணி அண்ணன் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார். வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பழைய டீசல் எஞ்சின் 347 கண்டம் ஆகிவிட்டதாம், இனி ஓடாது என்று கழித்துவிட்டார்களாம். இருபதாம் தேதி உடைக்கிறவர்கள் வருகிறார்களாம். அதற்குள் யார்டின் கடைசி லைனிலிருந்து அதை இழுத்து வர வேண்டும்.

"அந்தப் பலகைய மட்டும் நீ வந்து எடுத்துக் குடுத்தறயா அம்மணி?" என்றார்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

6 பிப்ரவரி

எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலாவது ஏதாவது தோன்றுகிறதா என்று.

எஞ்சினுக்கு அடியில் இறங்குகிற ஆள், தன் பெயர் எழுதிய சிவப்புப் பலகையை கேபின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பலகை தொங்கினால் எஞ்சினை அசைக்கக் கூடாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அதிகாரி கடிதம் கொடுத்தால் வேறு ஆள் கழற்றலாம் என்கிறார்கள். எங்கள் ஷெட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டு வருடம் முன்பு என் வீட்டுக்காரர், அதே கடைசி லைனில் நின்ற 347-இல் பலகையை மாட்டிவிட்டு இறங்கினார். மதியம் சாப்பிட மேலே வந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நாற்பத்தொரு வயது.

ஓடாத எஞ்சின், யாருக்கும் அவசரமில்லை. 'கிருபாசங்கர்' என்று அவர் கையால் எழுதிய பலகை இன்னும் அங்கேயே தொங்குகிறது. வாரிசு வேலைக்கு நான் வந்து பதினோரு மாதம். பயிற்சி முடித்தும் கீழே இறங்க மாட்டேன் என்று ஸ்டோரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த லைன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

மாமியாரிடம் சொன்னேன். அத்தை வெந்த பருப்பை இறக்கி வைத்தார். பிறகு, "அது தொங்கற வரைக்கும் எம்பையன் வேலைல இருக்கறான்னு நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு" என்றார்.

நானும்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

13 பிப்ரவரி

இன்றும் பதில் சொல்லவில்லை.

18 பிப்ரவரி

எடுத்துவிட்டேன்.

எண்ணெய் ஊறிக் கறுத்த ஜல்லி, கழற்றிப் போட்ட சக்கரங்கள், நடுவே சீமைக்கருவேல். 347-இன் நீலப் பெயிண்ட் வெளுத்துக் கிடந்தது. பலகையின் கம்பி துருவேறிக் கைப்பிடியோடு ஒட்டியிருந்தது. வேலுமணி அண்ணன் கட்டிங் பிளேயரை நீட்டினார். அவர் கை வைக்கவில்லை. மூன்று முறுக்கு முறுக்கினேன், வந்துவிட்டது. பலகை மறைத்திருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது.

இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் பயந்துட்டு இருந்தேன்? எனக்கு என்னமோ ஆயிப்போச்சு — ஒண்ணுமே வலிக்க மாட்டேங்குது.

வீட்டில் அத்தை பலகையை முந்தானையால் துடைத்து, பீரோவில் அவர் சட்டைகளுக்கு அடியில் வைத்தார்.

20 பிப்ரவரி

இழுத்துப் போனார்கள். நான் ஃபில்டர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

10 மார்ச்

ஆள் பத்தவில்லை, கீழே இறங்குகிறாயா என்றார்கள். இறங்கினேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. புதுப் பலகையில் மோகனப்பிரியா என்று நானே பெயிண்டில் எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.

14 மார்ச்

சாயங்காலம் பெருந்துறை பஸ் பாதி வழி போனபிறகுதான் உறைத்தது — பலகையைக் கழற்றவில்லை. போனை எடுத்தால் ஏழு அழைப்பு, எல்லாம் சைலன்ட்டில் போயிருக்கிறது. இறங்கி, எதிர் பஸ் பிடித்து, ஷெட் வாசலிலிருந்து ஓடினேன்.

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய எஞ்சின் ஆறரைக்கும் நிற்கிறது. டிரைவரும் ஆட்களும் சுற்றி நிற்கிறார்கள். ஒருவரும் பலகையைத் தொடவில்லை. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அதான் வந்துட்டயல்ல. கழட்டு" என்றார் வேலுமணி அண்ணன்.

கழற்றினேன். எஞ்சின் கிளம்பிப் போயிற்று. பலகையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. நான் மறந்துபோட்டேன், ஆனா திரும்பி வந்துட்டேன். அவரு மறக்கவே இல்ல. வரத்தான் முடியல.

அத்தை போன் செய்தார், எங்கே இருக்கிறாய், இருட்டுகிறதே என்று.

"வாரேனுங்க அத்தை" என்றேன்.