தாத்தாவின் மூச்சும் தேநீர்க் கறையும்

மான்செஸ்டர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் டிர்சாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் விடாத மழையும் சௌக்கியம். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, குழந்தைக்கு இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

தாத்தா ஓய்வுநாள் சாப்பாட்டு மேசையில் பாடிய மெட்டுகளையெல்லாம் ஸ்வரப்படுத்திக் கைக்காசு போட்டு அச்சடித்தேனே, அந்தப் புத்தகம் இன்னும் எங்கள் கட்டிலுக்கடியில்தான் தூங்குகிறது. இரண்டாம் பாகம் என்று வாயைத் திறந்தாலே, முதலில் கீழே கிடப்பதைக் காலி செய்யுங்கள் என்கிறாள் அம்மா. தாத்தாவின் பாட்டு இனி யாருக்கும் வேண்டாம்போல என்று எனக்கும் மனம் விட்டுப்போய், எழுதி வைத்திருந்ததைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

போன வாரம் ஜெபக்கூடத்துப் பெட்டியைத் திறந்தோம். கடவுள் பெயர் உள்ள கிழிந்த தாளைக் குப்பையில் எறியக்கூடாது என்ற நம் யூத வழக்கப்படி நீயும் சிறுவயதில் கொண்டுபோய்ப் போடுவாயே, அந்தப் பெட்டிதான். கல்லறைத் தோட்டத்தில் புதைப்பதற்காக அதையெல்லாம் மூட்டை கட்டுவது இம்முறை என் பொறுப்பு. உள்ளே கைவிட்டால் கட்டுக் கட்டாக என் புத்தகத்தின் ஜெராக்ஸ், எல்லாத் தாளிலும் ஒரே மூலையில் ஒரே வட்டக் கறை. பாடகர் குழுவை நடத்தும் ஃபைவலுக்கு நான் சும்மா கொடுத்த பிரதியில், என் கண்ணெதிரேயே அவன் தேநீர்க் கோப்பையை வைத்த கறை அது. பாட்டு வரிகளில் கடவுள் பெயர் இருப்பதால் குப்பையில் எறியப் பயந்திருக்கிறார்கள், என் வயிற்றில் அடிக்க மட்டும் பயமில்லை. ஃபைவலைப் பிடித்துக் கேட்டால் கொஞ்சமும் அசரவில்லை. "பொடி எழுத்துல போட்டிருக்கேடா செலிக், எங்க கிழவனுங்களுக்குக் கண்ணு தெரிய வேணாமா? அதான் பெருசு பண்ணி எடுத்தோம்" என்று என்மேலேயே குறை சொல்கிறான். பக்கத்தை மிச்சம் பிடிக்க நான் பொடியாக அடித்தது உண்மைதான், அதற்காக இப்படியா? வீட்டுக்கு வந்து குதித்தேன். அம்மா கேரட் சீவுவதை நிறுத்தாமல், "யாருக்கும் வேண்டாததை எவன் திருடுவான்? தாள் கந்தலாகிற அளவுக்குப் பாடியிருக்காங்க, அதைப் பாருங்க" என்றாள்.

இன்று காலை தூறலில் அந்த மூட்டையை நானே குழியில் இறக்கி மண் தள்ளினேன். பக்கத்தில் நின்ற ஃபைவல் தாத்தாவின் மெட்டு ஒன்றை முணுமுணுக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாளெல்லாம் குழிக்குள், ஒருவர் கையிலும் எதுவும் இல்லை. அந்த மெட்டின் நடுவில் ஓரிடத்தில் தாத்தா நிறுத்துவார், நினைவிருக்கிறதா? மெட்டில் உள்ளது இல்லை அது, அவருக்கு இரைப்பு. அவர் பாடியபடியே நானும் எழுதித் தொலைத்திருக்கிறேன். இன்று அத்தனை பேரும் அந்த இடத்தில் நிறுத்தி, அவர் மூச்சு வாங்குகிறவரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மழை இருந்ததால் மானம் பிழைத்தது.

இரண்டாம் பாகம் அச்சுக்குப் போகிறது, பெரிய எழுத்தில். உன் பழைய கட்டிலின் அடியில் இடம் தருவதாக அம்மா ஒப்புக்கொண்டாள்.

சாராளையும் ரெபெக்காளையும்போல ஆண்டவர் உன்னை வைத்திருக்கட்டும், குழந்தை தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். உனக்கும் ஒரு பிரதி வரும். அங்கே யாராவது ஜெராக்ஸ் கேட்டால் கொடு, தேநீரை மட்டும் தள்ளி வைக்கச் சொல். அந்த மூச்சு விடும் இடத்தை விட்டுவிடாமல் பாடச் சொல்.

உன் அப்பா,
செலிக்